உச்சிவேளைக்கு ஒரு கமர்கட்

இன்று காலை கொடியில் கிடந்த என் சட்டையில் எறும்பு ஏறியிருந்தது. ஒன்றிரண்டு இல்லை. ஜன்னலிலிருந்து சுவர் வழியாக வரிசை கட்டி வந்து சட்டைப் பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. மல்லிகா சட்டையை உதறி, பைக்குள் விரலை விட்டு, பாதி உருகித் துணியோடு ஒட்டிப்போயிருந்த கமர்கட்டைப் பிய்த்து எடுத்தாள். "இன்னாது இது, சட்டையா சர்க்கரை டப்பாவா? அண்ணன் பழக்கம் அப்படியே உங்களுக்கு ஒட்டிக்கினு இருக்குது" என்றாள். திட்டினாளே தவிரத் தூக்கிப் போடவில்லை. குழாயடியில் ஒரு அலம்பு அலம்பி வாயில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெல்லமும் தேங்காயும் உருகின அந்த வாசனை விரலில் அப்படியே இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து, அவள் அண்ணன் என்று சொன்ன உனக்கு எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முப்பது வருஷமாக இந்தக் கை தறியில் நாடா தள்ளியிருக்கிறது, பேனா பிடித்ததில்லை. நீ இருந்திருந்தால், "இன்னாப்பா, வாத்தியார் வேலைக்கு மனுப் போடறியா?" என்று கேட்டிருப்பாய். கேட்டால் கேட்டுக்கொள். நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லியிருக்கவேண்டியது ஒன்றும், கேட்டிருக்கவேண்டியது ஒன்றும் எனக்குள் நின்றுபோயிருக்கின்றன. அதை இறக்கி வைக்காமல் சரிப்படாது.

உன்னை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில், குடியை நிறுத்தும் வார்டில். அன்று எனக்கு மூன்றாம் நாள். கஞ்சி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் பாதி மார்பில்தான் ஊற்றிக்கொள்வேன். முந்தின வருஷம் யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்திப் பார்த்து, வலிப்பு வந்து விழுந்தவன் நான். அதனால் இந்த முறை டாக்டர் மாத்திரை கொடுத்துத் தன் கண்பார்வையிலேயே வைத்திருந்தார். மத்தியானம் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் காக்கிச் சட்டையோடு ஒருவர் வந்து என் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ விலாசம் தப்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"யாரைப் பாக்கணும்?"

"உங்களைத்தான்."

"என்னைத் தெரியுமா?"

"தெரியாது. இந்தக் கட்டில்ல இருக்கறவரு யார் சொன்னாலும் கேக்கமாட்டாருன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அதான் வந்தேன்."

"புத்தி சொல்றதுக்கா?"

"எனக்கே அது பத்தல. ஸ்கூல் வேன் ஓட்டறேன். காலைல டிரிப் முடிஞ்சா அடுத்தது மூணு மணிக்குத்தான். உங்க தலைக்கு மேல ஃபேன் நல்லா ஓடுது. கொஞ்ச நேரம் உட்காந்துக்கறேன்."

பிறகு பையிலிருந்து இரண்டு கமர்கட் எடுத்தாய். ஒன்றை உன் வாயில் போட்டுக்கொண்டாய், ஒன்றை என்னிடம் நீட்டினாய். "கடிக்காதீங்க, சப்புங்க. ஒண்ணு கரையறதுக்குக் கால் மணி நேரம் ஆவும். குடிக்கணும்னு வர்ற வெறிக்கும் அவ்ளோதான் ஆயுசு. அதுக்கப்புறமும் வேணும்னா போய்க் குடிங்க, நான் தடுக்கமாட்டேன்" என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் வேண்டுமென்றே நறுக்கென்று கடித்தேன். கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமெண்டு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. நீ அதைப் பார்த்துவிட்டு, "நர்ஸம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றாய். அந்தப் பல்லை நான் இன்னும் சரிசெய்யவில்லை.

நீ குடியை விட்டு அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் லாரி ஓட்டினவன். அதெல்லாம் குடியை விட்டவர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நீ பேசும்போது தெரிந்துகொண்டது. பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவோம். பெயரைச் சொல்லி, நான் குடிகாரன் என்று சொல்லவேண்டும் என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தெரிந்த சங்கதியைச் சொல்வதற்கு ஒரு கூட்டமா என்று உன் காதில் முணுமுணுத்தேன். "ஊருக்குத் தெரியும்பா. நீ சொல்லி நீ கேட்டதில்ல" என்றாய்.

வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் பதினொன்றே முக்காலுக்கு உன் மஞ்சள் வேன் எங்கள் தெருவில் வந்து நின்றது. நீ வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டாய். நீ ஓரிக்கைப் பக்கத்துக் காலனிக்காரன் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் யார் யார் வீட்டுக்குள் யார் யார் வரலாம் என்பது உனக்கும் தெரியும். நான் ஒரு நொடி யோசித்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, யோசித்தேன். அதற்குள் மல்லிகா, "வாங்கண்ணா" என்று ஸ்டூலை எடுத்துத் தறிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டாள். சாயங்காலம் பக்கத்து வீட்டில் இருக்கும் என் அண்ணன் வந்து, நீ உள்ளே வந்ததைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். "இவரு குடிச்சிட்டு வாசல்ல வாந்தி எடுத்துக்கினு கெடந்தப்போ இந்தத் தெருவுல எவன் வந்து தண்ணி ஊத்தினான்? இப்ப மட்டும் வந்துட்டீங்க" என்றாள் மல்லிகா. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உன் கண் முதலில் போனது தறிக்கு வலது பக்கத்தில் கிடந்த வெற்றுப் பலகைக்குத்தான்.

"இது யார் எடம்?" என்று கேட்டாய்.

உனக்குச் சொன்னேன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் இழைக்கு இழை கோத்துக்கொண்டு வரவேண்டும். அதை நெய்ய ஒருவனுக்கு இரண்டு கை போதாது. வலது பக்கப் பலகையில் இன்னொரு ஆள் உட்கார்ந்து, கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளவேண்டும். பத்தொன்பது வருஷம் அது மல்லிகாவின் இடம். ஒரு நாள் காலை பத்து மணிக்கே நான் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, அவள் நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "இந்த நாத்தத்துக்குப் பக்கத்துல உட்காந்து என்னால கரை போட முடியாது" என்றாள். சண்டையில்லை, அழுகையில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் துணையாள் தேவைப்படாத ஒற்றை நிறச் சேலைதான் நெய்தேன். எங்கள் தெருவில் ஒருவன் தறியில் பாவு நூல் எந்த நிறம் என்று பார்த்தாலே போதும், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். என் தறியில் மூன்று வருஷமாக ஒரே நிறம்.

ஒரு மாதம் போனபின், சும்மா உட்கார்ந்திருக்கிறாயே, அந்தப் பலகையில் வந்து உட்கார், கரை நாடா தள்ளக் கற்றுத் தருகிறேன் என்று கூப்பிட்டேன். கோர்வை நெய்ய எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. நீ தலையாட்டி மறுத்தாய். "நான் உட்காந்தா அது என் எடம் ஆயிடும். தங்கச்சி அப்புறம் எங்க வந்து உட்காரும்?" என்றாய். கடைசிவரை அந்தப் பலகையில் நீ கையைக்கூட ஊன்றவில்லை.

கோயிலில் உச்சிகால மணி அடிக்கிற நேரமும் பிராந்திக்கடையின் ஷட்டரைத் தூக்குகிற நேரமும் ஒன்று. குடித்த காலத்தில் அந்த மணிச் சத்தம் கேட்டால் என் கால் தானாகத் தறிக்குழியை விட்டு வெளியே வந்துவிடும். வாசலில் உன் வேன் நிற்க, வாயில் உன் கமர்கட் கிடக்க, அந்த மணி அடித்து ஓய்வதை நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ பெரிதாக ஒன்றும் பேசமாட்டாய். எந்தப் பிள்ளை வேனில் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டது, எந்தத் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், இதுதான் உன் பேச்சு. பன்னிரண்டரை ஆனதும், "சரி, சோத்துக்கு நேரமாச்சு. இனிமே போவமாட்ட" என்று எழுந்துகொள்வாய்.

எட்டாவது மாதம் போய்விட்டேன். தாய்மாமா செத்த வீடு. காரியத்துக்கு நின்ற ஆண்கள் எல்லோரும் வழக்கம்போலக் கொல்லைப்புறம் ஒதுங்கினார்கள். துக்கத்துக்கு ஒரு வாய் என்று யாரோ டம்ளரை நீட்டினார்கள். வாங்கிவிட்டேன். நீ வரும்போது தறி நின்றிருந்தது, நான் சுவரோரம் படுத்திருந்தேன்.

"எத்தினி?" என்றாய்.

"மூணு."

"மூணு நாளா, மூணு குவாட்டரா?"

"நாள். குவாட்டர் எண்ணல."

"சாப்ட்டியா?"

சாப்பிடவில்லை. மல்லிகாவிடம் நீயே போய்ச் சோறு வாங்கிவந்து வைத்தாய். சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தாய். பிறகு வேனில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப் போனாய். வழியெல்லாம் நீ ஏதாவது திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு மறுபடி போய்க் குடித்திருக்கலாம்.

அந்த மூன்று நாளில் வாங்கினதில் ஒன்று மிச்சம் இருந்தது. சீல் உடைக்காத ஒரு குவாட்டர். அதைப் பழந்துணியில் சுற்றித் தறிக்குழியின் மூலையில் வைத்தேன். குடிப்பதற்காக இல்லை. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் அன்று அப்படித்தான் நம்பினேன். ஒன்று இருக்கிறது என்றால் ஒரு தைரியம். நெய்கிறவன் காலைத் தவிர வேறெதுவும் தறிக்குழிக்குள் போகாது என்று எங்கள் ஆண்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. கால்கள் மிதிகளை மிதித்துக்கொண்டிருக்கும் அந்தப் பள்ளத்தில் எவன் குனிந்து பார்க்கப்போகிறான்?

நீ குனிந்து பார்க்கவில்லை. அதை வைத்த நாலாம் நாள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டாய்.

"உன் வலது கால் ஏன் ஒதுங்கி ஒதுங்கி மிதிக்குது?"

"ஒண்ணுமில்லையே."

"முன்ன பாதம் முழுசா வெச்சு மிதிப்ப. இப்ப விரலாலதான் மிதிக்கற. மூலைல ஏதோ இருக்குது. அதுல கால் படக்கூடாதுன்னு பாக்கற."

"நீ எப்ப தறிக்காரன் ஆன?"

"வண்டி ஓட்டறவன்பா. பெடல்ல கால் எப்படிப் போவுதுன்னு எனக்குத் தெரியாதா? நான் லாரில ஸ்டெப்னிக்குப் பின்னால வெச்சிருந்தேன். நாலு வருஷம் எவனும் கண்டுபிடிக்கல."

அடுப்படியில் மல்லிகா இருந்தாள். நான் குரலை இறக்கி, இப்போதே கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டுவிடுகிறேன் என்றேன். "வேணாம். யாருக்கும் தெரியாம தூக்கிப் போட்டா, யாருக்கும் தெரியாம இன்னொண்ணு வாங்கியாருவ. தங்கச்சி கையில எடுத்துக் குடு" என்றாய்.

"அது என்னை உயிரோட விடுமா?"

"அது உன் பாடு."

அதன்பிறகு அந்தப் பாட்டிலைப் பற்றி நீ வாயைத் திறக்கவில்லை. தினமும் கிளம்பும்போது, "கால் எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்பாய். நான் "பரவால்ல" என்பேன். இதைக் கேட்டுக் கேட்டு ஒரு நாள் மல்லிகா, "காலுக்கு இன்னா?" என்றாள். வலி என்று சொல்லிவைத்தேன். மறுநாளே தைலம் வாங்கி வந்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் படுக்கும் முன் சுடவைத்த தைலத்தை வலது காலில் தேய்த்துவிட்டாள். வலியே இல்லாத காலை நீட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், அவள் அந்தப் பலகையைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். பெருக்கும்போது அதைத் துடைத்து வைத்தாள். கோர்வைக்குப் பாவு கேட்கலாமா என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டாள். இந்த நேரத்தில் பாட்டிலை எடுத்து நீட்டினால் அவள் உட்காராத நாலு வருஷம் எட்டு வருஷமாகும் என்று பயந்தேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையுமாகப் புதுப் பாவு ஏற்றியிருந்தபோது, அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்தாள். கரை நாடாவை எடுத்து, "ம், தள்ளுங்க" என்றாள். தள்ளினேன்.

அன்று பதினொன்றே முக்காலுக்கு நீ வந்து வாசலில் நின்றாய். எங்கள் இருவரையும் பார்த்தாய். உள்ளே வராமல் திரும்பி வேனிடம் போய், கண்ணாடி துடைக்கிற துணியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்தாய். மூக்கு நுனியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. அன்று மூன்று கமர்கட் எடுத்தாய். அவளுக்கு அது உன் கையால் முதல் கமர்கட்.

அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. உட்கார்ந்தவள் எழுந்துவிட்டால்? பாட்டில் குழியிலேயே கிடந்தது. நான் விரலால் மிதித்தேன், நீ கால் எப்படி என்று கேட்டாய், அவள் தைலம் தேய்த்தாள். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

இனி எழுதவேண்டியதுதான் எனக்குக் கையில் வரமாட்டேன் என்கிறது. கடைசி மூன்று மாதம் உன் கால் வீங்கியிருந்தது. வார் வைத்த செருப்பை விட்டுவிட்டு ரப்பர் செருப்புக்கு மாறினாய். அதுவும் அழுத்திப் பாதத்தில் பள்ளம் விழுந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தறிக்கம்பத்தைப் பிடித்தாய். கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீ வராத அன்று ஒருவர், "மறுபடி ஆரம்பிச்சிட்டான் போல" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. ஏனென்றால் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்திருந்தது. இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்காது. கடிதமாக இருப்பதால் சொல்கிறேன். உன்னைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டும் கேட்கவில்லை. குழிக்குள் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு, நீ குடிக்கிறாயா என்று உன்னை எந்த வாயால் கேட்பது? நீ தினமும் என் காலைக் கேட்டாய். உன் காலை நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

வேன் நிறுத்துகிற ஷெட்டில் நீ விழுந்தாய் என்று செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். நாங்கள் போனபோது உனக்கு நினைவு இல்லை. உன் மனைவி எஸ்தர் வராந்தாவில் என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "அவரு குடிக்கலீங்க. ஒரு சொட்டு குடிக்கல. ஈரல்ல பழைய சேதம்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டு வருஷமா மாத்திரை சாப்ட்டுக்கினு இருந்தாரு. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னாரு" என்பதுதான். நான் கேட்காமலே அந்த அம்மா அதைச் சொல்லவேண்டியிருந்தது. எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ. எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஏழரை வருஷம் நீ தொடவில்லை. உன் ஈரல் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

உன் பெட்டிக்கு நான் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். ஓரிக்கைக் கல்லறைத் தோட்டம் வரை வெயில் கொளுத்தியது. குழி மூடி, ஜெபம் முடிந்ததும் உன் மச்சான் என்னைச் சுவருக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார். அங்கே நாலு பேர் நின்றிருந்தார்கள். "உங்க சிநேகிதம் எங்களுக்குத் தெரியும். துக்கத்துக்கு ஒரு வாய்" என்று டம்ளரை நீட்டினார். பிரியத்தோடுதான் நீட்டினார். இந்த மாதிரி நேரத்தில் நான் உனக்குத்தான் போன் செய்வது வழக்கம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மல்லிகா நின்ற இடத்துக்கு வந்து, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

மறுநாள் தறியில் உட்கார்ந்தோம். நான் இங்கே, அவள் பலகையில். பதினொன்றே முக்காலுக்கு நான் வாசலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். வேன் வரவில்லை. கோயிலில் உச்சிகால மணி அடித்தது. அந்த மணி ஓய்வதற்குள் என் வலது கால் தானாக மூலைக்குப் போய், சுருட்டிய துணியைப் பெருவிரலால் தொட்டது. வைத்த நாளிலிருந்து அன்றுதான் தொட்டேன். உண்மையைச் சொல்கிறேன், குடிக்கவேண்டும் என்றுதான் இருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. சட்டைப் பையைத் தடவினேன். கமர்கட் இல்லை. எப்போதும் நீதானே கொண்டுவருவாய்.

தறியை நிறுத்தினேன். குனிந்து அதை எடுத்தேன். துணியைப் பிரித்து, பாட்டிலைப் பாவுக்கு மேலாக அவள் பக்கம் நீட்டினேன். "இதை வாங்கிக்கோ" என்றேன். அவள் கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தாள். எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"ரெண்டு வருஷமா வாரா வாரம் அந்தக் குழியைப் பெருக்கறது யாரு? உங்க பாட்டனாரா?"

குழியில் இழைத் துணுக்கும் தூசியும் சேருவதும், அதை யாரோ பெருக்குவதும் முப்பது வருஷத்தில் ஒரு நாளும் என் தலையில் ஏறியதில்லை.

"அப்ப ஏன் தூக்கிப் போடல?"

"போடத்தான் போனேன். அண்ணன் வேன்கிட்டப் போய்ச் சொன்னேன். 'எடுத்துடாதம்மா, அவனே உன் கையில எடுத்துக் குடுப்பான்'னாரு. எப்பன்னு கேட்டேன். தெரியாதுன்னாரு. வாரா வாரம் எடுத்து சீல் உடைஞ்சிருக்குதான்னு பாத்துட்டு அதே எடத்துல வெச்சிக்கினு இருந்தேன்."

"தைலம்?"

"கால் வலின்னு நீங்கதானே சொன்னீங்க."

முகத்தை மாற்றாமல் சொன்னாள். அப்புறம் முகம் மாறியது. "அண்ணன் பாக்காம பூட்டாரே" என்று, கண்ணீர் பட்டு மேல் விழுந்துவிடாமல் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். குழியில் பாட்டில் இருக்கிறது என்று தெரிந்தேதான் அவள் அந்தச் செவ்வாய்க்கிழமை பலகையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். எழுந்துவிடுவாள் என்று பயந்து ஒரு வருஷத்தை நான்தான் வீணாக்கியிருக்கிறேன். பிறகு அவள் பாட்டிலை எடுத்துப்போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சீலைத் திருகி ஊற்றினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சில நாள் கழித்து இருவரும் எஸ்தரைப் பார்க்கப் போனோம். உன்னைச் சந்தேகப்பட்டதையும், கேட்காமல் இருந்ததையும் சொன்னேன். "கேட்டிருந்தா மட்டும் சொல்லியிருப்பாரா? செக்கப்புக்குப் போங்கன்னு நானே எத்தினி தபா சொன்னேன்" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீ என்னைக் காப்பாற்றினாய் என்று நான் ஆரம்பித்தபோது கையை அசைத்து நிறுத்தினார்.

"அது இருக்கட்டும். பகல்ல அந்த நேரம்தான் அவருக்கு ஆவவே ஆவாது. லாரி ஓட்டின காலத்துல கடை திறக்கறதுக்கு முன்னாலயே போய் நிப்பாரு. குடியை விட்டப்புறமும் காலை டிரிப் முடிஞ்சு மூணு மணி வரைக்கும் எங்க போறதுன்னு தெரியாம வண்டிய எடுத்துக்கினு சுத்துவாரு. ஏனாத்தூர் போவாரு, திருப்பருத்திக்குன்றம் போவாரு, மரத்தடில நிறுத்திட்டு உட்காந்திருப்பாரு. உங்க வீடு கெடச்சப்புறம்தான் எனக்கு நிம்மதி. நீங்க தறியில இருந்ததாலதான் அவருக்கு ஒரு போக்கிடம் இருந்துச்சு."

வார்டில் முதல் நாளே நீ இரண்டு கமர்கட் எடுத்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் துணைக்குச் சப்புகிறாய் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஏனாத்தூரில் ஒரு தச்சர் வீட்டுக்குப் போய்வருகிறேன். அவர் வார்டிலிருந்து வந்து நாற்பது நாள் ஆகிறது. நான் உள்ளே போய் உட்கார்ந்தால், அவர் இழைப்புளியைத் தள்ளும்போது கண் மட்டும் மூலையில் இருக்கிற மரத்தூள் மூட்டைக்குப் போய்ப் போய் வருகிறது. அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்கமாட்டேன். அவர் மனைவிக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், மரத்தூளை அள்ளுவது அந்த அம்மாதான். ஆனால் ஒன்று, உன்னை விட்ட மாதிரி அவரைப் பாதியில் விடமாட்டேன். போனதும் முதலில் அவர் பாதத்தை அழுத்திப் பார்க்கிறேன். கண்ணை விரித்துக் காட்டச் சொல்கிறேன். செக்கப்புக்குத் தேதி தப்பினால் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன். அவருக்குக் கோபம் வருகிறது. "நீங்க இன்னா டாக்டரா?" என்று முந்தாநாள் கேட்டார். இல்லை, கேட்காமல் விட்டவன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

மணி பதினொன்றேகால். மல்லிகா பலகையை விட்டு எழுந்து, "கெளம்புங்க, உச்சி மணி அடிச்சிடப் போவுது" என்கிறாள். வேறு சட்டை மாட்டிக்கொண்டேன். டப்பாவிலிருந்து இரண்டு கமர்கட் எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். ஒன்று தச்சருக்கு. இன்னொன்று யாருக்கு என்று நீ கேட்கமாட்டாய்.